வகுப்பறைச் சுவரில் ஒரு தொலைபேசித் தொங்கற்பை: மூன்று தவணைப் பாவனைக்குப் பின் ஒரு மதிப்பீடு

திருகோணமலை நகரில் ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில், சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் கணிதம் கற்பித்து வருகிறேன். அதே வயதில் எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். வகுப்பறையில் தொலைபேசியை என்ன செய்வது என்ற கேள்வி ஆசிரியையாக மாலை நான்கு மணிக்கும், தாயாக இரவு ஒன்பது மணிக்கும் என் முன்னால் வந்து நிற்கிறது. கடந்த மூன்று தவணைகளாக என் வகுப்பறைச் சுவரில் தொங்கும், 32 பைகள் கொண்ட கன்வஸ் தொங்கல் ஒன்றைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் உள்ளே வரும்போது தொலைபேசியை அணைத்துத் தத்தம் இலக்கப் பையில் போட்டுவிட்டு, வகுப்பு முடிந்ததும் எடுத்துச் செல்கிறார்கள். வாங்கலாமா, தைப்பிக்கலாமா என்று சக ஆசிரியர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தாராளமாகத் தைப்பியுங்கள் என்றே சொல்வேன். ஆனால் அதை மாட்டுவதற்கு முன் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசாவிட்டால், செலவழித்த பணம் சுவரில் தொங்கும் துணியாகவே மிஞ்சும்.

பிள்ளைகளின் கையில் தொலைபேசியைக் கொடுத்தவர்களில் ஆசிரியர்களாகிய நாங்களும் அடங்குவோம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள், சூமில் வாருங்கள் என்று வீடு வீடாகச் சொன்னது நாங்கள்தான். 2022இல் எரிபொருள் இல்லாமல் போக்குவரத்து முடங்கியபோதும் அதையே மீண்டும் சொன்னோம். காதில் கிடந்த தோட்டை அடகு வைத்து மகளுக்குப் போன் வாங்கிக் கொடுத்த ஒரு தாயை எனக்கு நன்றாகத் தெரியும். அப்படி வாங்கிக் கொடுத்த பொருளை இன்று குற்றப் பொருள்போலப் பறித்து லாச்சியில் பூட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு வருடங்கள் லாச்சியில் வாங்கி வைத்துத்தான் பார்த்தேன். யாருடையது எதுவென்று தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, வகுப்பு முடியும்போது மேசையைச் சுற்றிப் பத்து நிமிட நெரிசல் ஏற்படும். ஒரு பிள்ளையின் போன் திரையில் கீறல் விழுந்தபோது அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகே சுவரில் மாட்டும் பையைப் பற்றி யோசித்தேன்.

முதலில் இணையவழியில் ஆயத்தப் பொருள் ஒன்றை வாங்கினேன். நீல நிறத் துணியில், முன்பக்கம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கினால் ஆன முப்பது பைகள் இருந்தன. படத்தில் மிக நேர்த்தியாகத் தெரிந்த அந்தப் பை எங்கள் ஊர் வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் ஏழு வாரங்கள்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் மங்கி, வெப்பத்தில் பிசுபிசுத்து, போனை இழுத்து எடுக்கும்போது உறையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மேல் விளிம்பில் இருந்த உலோக வளையங்கள் உப்புக் காற்றில் துருப்பிடித்துத் துணியைத் தின்றன. ஒரு நாள் மாலை, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோதே இடது மூலை கிழிந்து முழுப் பையும் சரிந்தது. நல்ல வேளையாகக் கீழே புத்தகப் பைகள் குவிந்து கிடந்ததால் எந்தப் போனும் உடையவில்லை.

ஏன் கிழிந்தது என்று பிறகு கணக்குப் பார்த்தபோதுதான் உண்மை புரிந்தது. இக்காலத் தொலைபேசி ஒன்று உறையோடு சேர்த்துச் சராசரியாக 200 கிராம் நிறையுடையது. முப்பது போன்கள் என்றால் ஆறு கிலோ ஆகிறது. அந்த நிறை முழுவதையும் மூன்று வளையங்களும் மூன்று ஆணிகளும் தாங்க வேண்டும் என்று எதிர்பார்த்தது என் தவறு. இந்தப் பையை வாங்க நினைக்கும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது, மேல் விளிம்பு நிறையை எப்படித் தாங்குகிறது என்பதைத்தான்.

இரண்டாவதைப் பாடசாலைப் பைகள் தைக்கும் ஒரு தையற்கார அம்மாவிடம் கொடுத்துத் தைப்பித்தேன். தடித்த கன்வஸ் துணி இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்பட்டது. முழு அகலம் ஒரு மீற்றர். நான்கு வரிசைகள், வரிசைக்கு எட்டுப் பைகள். பெரும்பாலான போன்கள் 16 அல்லது 17 சென்ரிமீற்றர் நீளமும், உறையோடு 8 சென்ரிமீற்றருக்குக் கிட்டிய அகலமும் உடையவை என்பதால், பையின் ஆழத்தை 13 சென்ரிமீற்றராக வைக்கச் சொன்னேன். அப்போது போனின் தலைப்பகுதி மூன்று நான்கு சென்ரிமீற்றர் வெளியே தெரியும். எந்தப் பை வெறுமையாக இருக்கிறது என்பதைக் கரும்பலகைக்கு அருகில் நின்றே பார்த்துவிடலாம். பையின் இரு பக்கமும் சிறு மடிப்பு வைத்துத் தைக்க வேண்டும் என்பது அந்த அம்மா சொன்ன யோசனை. “மடிப்பு இல்லாமல் தட்டையாகத் தைச்சால் தடிச்ச உறை போட்ட போன் உள்ளே போகாது, ரீச்சர். பிள்ளைகள் தள்ளித் தள்ளித் தையலைப் பிரிச்சுப் போடுவினம்” என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை முதல் நாளிலேயே கண்டேன். மேல் விளிம்பில் வளையங்களுக்குப் பதிலாக, யன்னல் திரைக்கு வைப்பதுபோல நீண்ட உறை மடித்து, அதற்குள் தண்ணீர்க் குழாய் ஒன்றைச் செருகி, சுவரில் துளையிட்டுத் திருகாணியால் இறுக்கிய நான்கு கொக்கிகளில் அந்தக் குழாயை மாட்டினோம். நிறை முழு நீளத்துக்கும் பரவுவதால் இன்றுவரை துணி ஒரு விரலளவுகூடத் தொய்யவில்லை. துணி, தையற்கூலி, குழாய், கொக்கிகள் அனைத்துமாக 6,300 ரூபா முடிந்தது. ஆயத்தப் பொருளுக்குக் கொடுத்ததைவிட இது அதிகம்தான். ஆனாலும் கொடுத்த காசுக்கு முழுப் பயன் கிடைத்திருக்கிறது.

எங்கே மாட்டுவது என்பதில் நான் இரண்டு முறை பிழைவிட்டேன். என் கண்முன் இருக்கட்டும் என்று முதலில் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினேன். என் கண்முன் இருந்தது உண்மை. பிள்ளைகளின் கண்முன்னும் இருந்தது. அணைக்காமல் வைத்த ஒரு போனின் திரை ஒளிர்ந்தால் வகுப்பு முழுவதும் அங்கே திரும்பும். யாருடையது, என்ன வந்திருக்கும் என்ற யோசனையிலேயே அடுத்த மூன்று வரிகள் போய்விடும். 2017இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், தொலைபேசியை வேறு அறையில் விட்டுவிட்டு வந்தவர்கள், மேசைமேல் வைத்திருந்தவர்களைவிடக் கவனம் தேவைப்படும் சோதனைகளைச் சிறப்பாகச் செய்தார்கள் என்றும், மேசைமேல் இருந்த போன் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தாலும் அணைக்கப்பட்டிருந்தாலும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை என்றும் கூறப்பட்டிருந்தது. அதைப் படித்த பிறகு, பையைப் பின்சுவருக்கு மாற்றினேன். வேறு அறை எங்களிடம் இல்லை. முதுகுக்குப் பின்னால் இருப்பதாவது எங்களால் செய்யக்கூடியது.

பின்சுவரிலும் முதலில் மேற்குப் பக்க யன்னலுக்கு எதிரே மாட்டினேன். வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும், நாலரை மணி வெயில் நேராகப் பைகளில் விழுந்தது. வகுப்பு முடிந்து போனைக் கையில் எடுத்த பிள்ளைகள் “சுடுது ரீச்சர்” என்றார்கள். ஐபோன்களை 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் உற்பத்தியாளரே அறிவுறுத்துகிறார். மற்றப் போன்களின் மின்கலங்களும் வெப்பத்தை விரும்புவதில்லை. இப்போது கதவுக்குப் பக்கத்தில், வெயில் படாத சுவரில் தொங்குகிறது. கதவுக்கருகில் இருப்பதால் உள்ளே வரும்போதே போட்டுவிட்டு வருவது பிள்ளைகளுக்கு இயல்பாகிவிட்டது. செருப்பை வாசலில் கழற்றுவதற்கு யாரும் அவர்களுக்கு ஞாபகப்படுத்துவதில்லை அல்லவா, அதுபோல.

அணைத்துத்தான் வைக்க வேண்டும் என்பதையும் அனுபவத்தில் கற்றேன். ஒலியை மட்டும் நிறுத்தினால் அதிர்வு கன்வஸ் வழியாகக் குழாய்க்கும், குழாய் வழியாகச் சுவருக்கும் பரவி, அறை முழுவதும் வண்டு புகுந்ததுபோல ரீங்காரம் கேட்கும். அதிர்வையும் நிறுத்திவிட்டாலும் நேர எழுப்பி (அலாரம்) மணி அடித்துவிடும். முழுமையாக அணைத்த போன் மட்டுமே உண்மையில் அமைதியாக இருக்கிறது.

இதனால் வகுப்பில் என்ன மாறியது என்று கேட்டால், புள்ளிகள் இத்தனை கூடின என்று சொல்ல நான் ஆயத்தமில்லை. புள்ளிக்குப் பின்னால் ஆயிரம் காரணங்கள் இருக்கின்றன. ஆனால் கண்ணால் பார்த்ததைச் சொல்ல முடியும். சாதாரண தரக் கணிதப் பரீட்சை மண்டபத்தில் கணிப்பானுக்கு இடமில்லை. மடக்கை அட்டவணையை வைத்துத்தான் பெருக்கவும் வகுக்கவும் வேண்டும். போன் மடியில் இருந்த காலத்தில், 34.7ஐ 0.682ஆல் வகுக்கச் சொன்னால் மேசைக்கடியில் விரல்கள் அசையும், விடை உடனே வந்துவிடும், கொப்பியில் செய்கை இருக்காது. பை வந்த பிறகு முதல் இரண்டு வாரங்கள் வகுப்பு மிகவும் மெதுவாக நகர்ந்தது. மடக்கை அட்டவணையில் வரிசையை விரலால் தொட்டு, சராசரி வித்தியாசத்தைக் கூட்டி, எதிர்ச் சிறப்பியல்பில் (ஒன்றிலும் சிறிய எண்ணின் மடக்கையில் வரும் எதிர்க்குறி முழுஎண் பகுதி) தடுமாறி, அழித்து, மீண்டும் எழுதினார்கள். அந்தத் தடுமாற்றத்தைத்தான் நான் இவ்வளவு காலமும் பார்க்க முடியாமல் இருந்தேன். எங்கே பிழைக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்.

யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை, கவனம் சிதறிய மாணவர் மீண்டும் பாடத்தில் ஒன்றுவதற்கு இருபது நிமிடங்கள் வரை எடுக்கலாம் என்கிறது. என் வகுப்பு ஒன்றரை மணித்தியாலம். ஒரு வகுப்பில் ஒரு பிள்ளையை மூன்று முறை போன் கூப்பிட்டால், அந்தப் பிள்ளைக்கு என் பாடத்தில் அரை மணித்தியாலம்தான் மிஞ்சுகிறது.

அப்படிக் கூப்பிட்டவர்கள் யார் என்பதுதான் இந்த மதிப்பீட்டில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விடயம். விளையாட்டும் காணொளியும்தான் பிரச்சினை என்று நான் நினைத்திருந்தேன். பை மாட்டிய முதல் மாதம், போன்களை முழுமையாக அணைக்கச் சொல்வதற்கு முன், வகுப்பு நேரத்தில் வந்த அழைப்புகளை வகுப்பு முடிந்ததும் பார்த்துச் சொல்லும்படி பிள்ளைகளிடம் கேட்டேன். நாளொன்றுக்கு நான்கைந்து தவறிய அழைப்புகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்தவை. போய்ச் சேர்ந்தாயா, மழை வருமா, எத்தனை மணிக்கு முடியும், வரும்போது பாண் வாங்கி வா. பதில் கிடைக்காதபோது மீண்டும் மீண்டும் எடுத்திருந்தார்கள். இரண்டாம் வாரமே மூன்று பெற்றோர் நேரில் வந்து முறைப்பட்டார்கள்.

அவர்களில் ஒருவர் கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு மாணவியின் தாய். வாசலில் நின்றபடியே, “ரீச்சர், கோபிக்க வேண்டாம். போன் எடுக்காட்டி எனக்கு நெஞ்சு படபடக்குது” என்றார். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாடசாலைப் பிள்ளைகளும் ஏறியிருந்த படகுப்பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை) கவிழ்ந்து உயிர்கள் போன அந்தக் காலையை அந்தப் பகுதித் தாய்மார் எவரும் மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து வந்ததைக் கண்ட ஊர் இது. அதற்கு முன்னைய ஆண்டுகளில், மாலையில் வெளியே போன பிள்ளை வீடு திரும்பும்வரை படலையடியில் நின்று பழகிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள் எங்கள் பெற்றோர். அவர்களுக்குப் பிள்ளையின் கையில் இருக்கும் போன் ஒரு விளையாட்டுப் பொருள் அல்ல. பிள்ளை உயிரோடு இருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்க்கும் கயிறு. அந்தக் கயிற்றை நான் ஒரு வார்த்தையும் கேட்காமல் அறுத்து, சுவரில் மாட்டிவிட்டேன். அந்தத் தாயிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம் வைத்தேன். இருபத்தாறு வீடுகளிலிருந்து வந்திருந்தார்கள். அங்கே முடிவானவை மிக எளிமையானவை. வகுப்புக்கென்று பொத்தான்கள் கொண்ட சாதாரண போன் ஒன்று வாங்குவது. அதன் இலக்கத்தை எல்லாப் பெற்றோரும் சேமித்துக்கொள்வது. வகுப்பு நேரத்தில் அவசரமானால் அந்த இலக்கத்துக்கு எடுப்பது. அதை நானே வைத்திருக்காமல், முன்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளையிடம் வாரத்துக்கு ஒருவராகப் பொறுப்புக் கொடுத்தோம். எல்லோரும் வந்து அமர்ந்ததும், அந்தப் பிள்ளை கதவடியில் நின்று வெறுமையான பைகளின் இலக்கங்களைப் பார்த்து, வராதவர்களின் வீட்டுக்கு மட்டும் “இன்னும் வரேல்லை” என்று குறுஞ்செய்தி அனுப்பும். செய்தி வரவில்லையென்றால் பிள்ளை வந்துவிட்டது என்று பொருள். வகுப்பு முடியும் நேரத்தை ஐந்தரை என்று உறுதியாக எழுதிக் கொடுத்தேன். கிண்ணியா, நிலாவெளிப் பக்கம் போகும் பிள்ளைகளின் பேருந்தைக் கருதி, ஒரு நிமிடமும் நீட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றுவதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது, பாதிக் கணக்கில் கரும்பலகையை விட்டுவிட்டு வர எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. இப்போது வகுப்புப் போனுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு அழைப்புகள் வருகின்றன. அவை உண்மையாகவே அவசரமானவை.

வராதவர்களைக் கண்டறிய இந்தப் பை இவ்வளவு உதவும் என்று தைப்பிக்கும்போது நான் நினைக்கவில்லை. பெயர்ப் பட்டியலை வாசிப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் எல்லாப் பிள்ளைகளிடமும் போன் இல்லை என்பதை மறக்கக்கூடாது. என் வகுப்பில் நால்வரிடம் இல்லை. அவர்களுடைய பைகள் என்றும் வெறுமையாகக் கிடந்தால் அது மற்றவர்கள் முன் அவர்களைச் சுட்டிக் காட்டுவதுபோல ஆகிவிடும் என்பதை ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தே உணர்ந்தேன். அதனால் இலக்கமிட்ட சிறு மட்டை ஒன்றை எல்லோருக்கும் கொடுத்தேன். போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மட்டை பைக்குள் போகும்.

ஏமாற்ற முடியுமா என்றும் கேட்கிறார்கள். முடியும். ஒரு மாணவன் பல நாட்களாகத் திரை உடைந்த பழைய போனைப் பையில் போட்டுவிட்டு, நல்ல போனைக் காற்சட்டைப் பையில் வைத்திருந்தான். நான் பையைச் சோதிக்கவில்லை, சோதிக்கவும் மாட்டேன். வகுப்பு முடிந்ததும் அவனை நிறுத்தி, “தம்பி, உன்னுடைய போன் எது என்று அம்மாவிடம் கேட்கட்டுமா, நீயே சொல்லுறியா?” என்றேன். அவனே சொன்னான். வீட்டில் தகப்பன் வெளிநாட்டில் இருப்பதாகவும், வேலை முடிந்து அவர் எடுக்கும் நேரமும் வகுப்பு நேரமும் ஒன்றாக இருப்பதாகவும் அப்போதுதான் அறிந்தேன். தாயோடு பேசி, தகப்பன் ஐந்தே முக்காலுக்கு எடுப்பதாக ஒழுங்கு செய்தோம். துணிப்பை மட்டும் இருந்திருந்தால் இந்தக் காரணம் எனக்குத் தெரிந்தே இருக்காது.

பூட்டக்கூடிய உறைகளும் உலகில் உண்டு. அமெரிக்காவில் 2014இல் தொடங்கிய யொண்டர் என்ற நிறுவனம், காந்தப் பூட்டுள்ள சிறு உறைகளைப் பாடசாலைகளுக்கு வழங்குகிறது. போன் பிள்ளையிடமே இருக்கும், ஆனால் திறக்க முடியாது. பிரான்ஸ் 2018இல் சட்டமியற்றியே பதினைந்து வயது வரையான மாணவர்களுக்குப் பாடசாலையில் போனைத் தடை செய்தது. எங்கள் சூழலுக்குப் பூட்டு ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து. அவசரம் என்றால் ஓடிப் போய் எடுக்கலாம் என்று தெரிந்தால்தான் அந்தக் கிண்ணியாத் தாய்க்கு உறக்கம் வரும். என் தொங்கலில் மூடியும் இல்லை, பூட்டும் இல்லை.

பாடத்துக்கே போன் தேவைப்படும் வேளைகளும் உண்டு. கடந்தகால வினாத்தாள்களைப் பதிவிறக்கவும், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் ஒரு பாடத்தைக் காட்டவும், மாதத்தில் ஓரிரு முறை எல்லோரையும் எடுக்கச் சொல்கிறேன். பத்து நிமிடம் என்று சொல்லிக் கொடுத்து, மீண்டும் போடச் சொல்லும்போது முணுமுணுப்பு வரும். ஆனால் போட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்கு இந்தப் பை உதவாது. என் மகனுக்கு கூகுளின் ஃபமிலி லிங்க் செயலியைப் பயன்படுத்துகிறேன். இலவசமானது, நாளொன்றுக்கான மொத்த நேரத்தையும், இரவில் போன் பூட்டப்படும் நேரத்தையும் என் போனிலிருந்தே தீர்மானிக்கலாம், எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போனது என்பதையும் காட்டுகிறது. பிள்ளைக்கென்று தனிக் கணக்கும் தனிப் போனும் உள்ள வீட்டுக்கு இது பொருத்தமானது. தாயும் இரண்டு பிள்ளைகளும் ஒரே போனைப் பகிரும் வீடுகள் என் வகுப்பில் பல இருக்கின்றன. அங்கே இரவு ஒன்பது மணிக்குத் தாயின் தலையணைக்கடியில் போன் போவதுதான் நடைமுறையில் உள்ள ஒழுங்கு.

தைப்பிக்க நினைப்பவர்களுக்குச் சில குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இலக்கங்களைத் துணி மையினால் எழுதுவித்தது தவறு. இரண்டு முறை கழுவியதும் மங்கிவிட்டது, நூலால் பின்னச் சொல்லுங்கள். வெளிர் நிறத் துணி வேண்டாம். கைபட்ட அழுக்கு ஒரு மாதத்தில் தெரிகிறது. கடைசி வரிசை நிலத்திலிருந்து ஒரு மீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் புத்தகப் பை உரசிப் போன் வெளியே வருகிறது. பெரிய திரையுள்ள போன்கள் இப்போது கூடி வருவதால், கீழ் வரிசையின் எட்டுப் பைகளையும் ஒரு சென்ரிமீற்றர் அகலமாக வைப்பது நல்லது. என்னுடையதில் 17ஆம் இலக்கப் பையின் வலப்பக்கத் தையல் மட்டும் ஒருமுறை பிரிந்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்தத் தையற்கார அம்மா காசு வாங்காமல், மூலைகள் அனைத்துக்கும் இரட்டைத் தையல் போட்டு அன்று மாலையே திருப்பித் தந்துவிட்டார்.